கழற்றுகிற கைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ போன் செய்தபோது நான் ஒரு பொலேரோவுக்கு அடியில் படுத்திருந்தேன். "பம்பாய்லேருந்து ஒரு வேகன்-ஆர் வந்திருக்கு அண்ணாச்சி. கேஸ் கிட்டைக் கழத்திட்டு முழுசா பெட்ரோலுக்கு மாத்திக் குடுக்கணுமாம். அரை நாள் வேலைதானே?" என்று கேட்டாய். வாயில் டார்ச் லைட்டைக் கவ்வியிருந்ததால் "ம்" என்று மட்டும் சொன்னேன். அந்த "ம்"மை நீ சரி என்று எடுத்துக்கொண்டு, ஸ்பேனரைத் தூக்கியிருப்பாயோ என்று ராத்திரி முழுக்க எனக்கு உறுத்தல். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி கம்ப்ரஸர் சத்தத்தில் போய்விடும். உன்னைப் போலப் புதிதாகப் பட்டறை போட்டிருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நான் இந்த வேலையைத் தலைகீழாகக் கற்றவன். மாட்டுவதை மும்பையில் கற்றேன், கழற்றுவதை ஊரில் வந்து அடிபட்டுக் கற்றேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சயானில் ஒரு சந்துக்குள் பட்டறை. டெல்லியில் பஸ்களையெல்லாம் சிஎன்ஜி கேஸுக்கு மாற்றச் சொல்லி 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. அங்கே பஸ் என்றால் எங்களுக்கு டாக்ஸி. கறுப்பு மஞ்சள் பத்மினிகள் வரிசை கட்டி நிற்கும். 1,089 சிசி இன்ஜின், ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவுதான். டிக்கியில் சிலிண்டரைக் கட்டி, அடியில் இரும்புக் குழாய் இழுத்து, இன்ஜின் அறையில் ரெகுலேட்டர் வைத்து, ஏர் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் மிக்சரைச் சொருகி, டாஷ்போர்டில் சுவிட்சு மாட்டினால் முடிந்தது. கடைசியில் பட்டறை உஸ்தாத் வந்து டிஸ்ட்ரிபியூட்டரை லேசாக ஒரு திருகு திருகுவார். கேஸ் பெட்ரோலைவிட மெதுவாக எரியும், அதனால் தீப்பொறி கொஞ்சம் முன்னாலேயே விழ வேண்டும். எத்தனை டிகிரி என்று கேட்டால் காதைத் தொட்டுக் காட்டுவார். அவர் காது அப்படி.

அந்தப் பட்டறையில் மாட்டிய வண்டி ஒன்றைக்கூட நாங்கள் திரும்பக் கழற்றியதில்லை. டாக்ஸிக்காரர் யாராவது கேஸிலிருந்து பெட்ரோலுக்குப் போவாரா? அந்த வண்டிகள் கேஸிலேயே ஓடி, கேஸிலேயே மூச்சை விட்டன. கடைசிப் பத்மினி டாக்ஸிகளுக்கு இருபது வருட வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அவை மும்பை சாலையைவிட்டு நீங்கியபோது நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பேப்பரில் படம் பார்த்தேன். அதில் எத்தனைக்கு என் கை பட்டிருக்குமோ.

நான் ஊருக்கு வந்து பட்டறை போட்டபோது நம் பக்கத்தில் கேஸ் பங்க் என்ற பேச்சே கிடையாது. ஆனால் கேஸ் வண்டி வந்தது. மும்பையில் கடை வைத்திருந்த நம்மூர்க்காரர்கள் வயசான காலத்தில் திரும்பி வரும்போது காரையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இங்கே கேஸ் இல்லை. டிக்கி முழுக்கச் சிலிண்டர். கல்யாண வீட்டுக்குப் போனால் பையை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். "இதைத் தூக்கிரும் வே" என்று வந்து நிற்பார்கள்.

அப்படி வந்த முதல் வண்டி ஒரு மாருதி 800. நான் மாட்டிப் பழகியவன்தானே, மாட்டியதைக் கழற்றத் தெரியாதா என்று இறங்கினேன். சிலிண்டர், குழாய், ரெகுலேட்டர், மிக்சர், சுவிட்சு எல்லாம் சாயங்காலத்துக்குள் தரையில் கிடந்தன. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்தேன். ஐட்லிங் பூ மாதிரி. சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினேன்.

அவர் குடும்பத்தோடு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் போயிருக்கிறார். அஞ்சு பேர், சாமான் வேறு. ஏற்றத்தில் மிதித்தபோதெல்லாம் டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கினது மாதிரிச் சத்தம். பெட்ரோல் சரியில்லை போல என்று நினைத்து மேலும் மிதித்திருக்கிறார். அடுத்த மாதம் வண்டி நீலப் புகையோடு வந்தது. திறந்து பார்த்தால் நடு பிஸ்டனில் ரிங் உட்காருகிற கரை உடைந்திருந்தது. மும்பைக்காரன் எவனோ கேஸுக்காக முன்னால் தள்ளி வைத்த டைமிங்கை நான் திருப்பி வைக்கவே இல்லை. தள்ளி வைத்தது எவனோ என்ன, என்னை மாதிரி ஒருவன்தான். பிஸ்டன், ரிங், போரிங் எல்லாம் என் செலவு. அந்த மாதம் கடை வாடகைக்குக் கைமாற்று வாங்கினேன்.

கேஸுக்கென்று வந்த பொருட்களை நான் கழற்றிவிட்டேன். கேஸுக்காக அந்த வண்டியில் திருப்பியது, அறுத்தது, துளைத்தது, தள்ளி வைத்தது எதையும் கழற்றவில்லை. உனக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான் தம்பி. இனி எழுதப்போவதெல்லாம் இதன் விவரம்.

முதலில் வண்டிக்காரரிடம் ஏன் என்று கேள். நிஜமாகக் கேள். "சிலிண்டர் டெஸ்ட் தேதி முடிஞ்சுட்டு, அதுக்குச் செலவு செய்ய மனசில்லை" என்பார் ஒருவர். "பிக்கப் இல்லை" என்பார் இன்னொருவர். இவருக்குக் கழற்ற வேண்டியதே இருக்காது, பெட்ரோல் சுவிட்சில் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல். கேஸ் காற்றோடு காற்றாக இன்ஜின் சிலிண்டருக்குள் இடம் பிடிக்கிறது, அதனால் பவரில் பத்து பதினைந்து சதவீதம் குறைவது அதன் குணம். இப்போது நம் பக்கமும் நெடுஞ்சாலையில் அங்கங்கே கேஸ் பங்க் வந்துவிட்டது. அது தெரியாமலே கழற்ற வருகிறவர்கள் உண்டு. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கம்பெனியிலேயே கேஸோடு வந்த வண்டி என்றால் நான் கையே வைப்பதில்லை. அதில் பெட்ரோல் கம்ப்யூட்டரும் கேஸ் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒன்றைப் பிடுங்கினால் மற்றது விளக்கைப் போட்டுக்கொண்டு அழும். டிக்கி இடத்துக்காக அந்த வம்பு வேண்டாம் என்று சொல்லிவிடு.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வண்டி பெட்ரோலுக்குப் பிறந்ததா, கேஸுக்கே பிறந்ததா? நம்மிடம் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெட்ரோலுக்குப் பிறந்து கேஸுக்கு வாக்கப்பட்டவை. அவற்றைத் திருப்பி அழைத்து வரலாம். கேஸுக்கே பிறந்தது வேறு சாதி. அமெரிக்காவில் ஹோண்டா, சிவிக் ஜி.எக்ஸ். என்று ஒரு கார் செய்தது. 1998-லிருந்து 2015 மாடல் வரை வந்தது, பெட்ரோல் டேங்கே கிடையாது. அதன் எட்டாம் தலைமுறையில் சாதாரண சிவிக்கின் கம்ப்ரஷன் 10.5-க்கு ஒன்று, கேஸ் சிவிக்கில் 12.5-க்கு ஒன்று. மீத்தேனின் ஆக்டேன் எண் 120-க்கு மேல், கூடுதலாக அமுக்கினாலும் தானாக வெடிக்காமல் தாங்கும். அதே இன்ஜினில் 91 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால் என் மாருதி 800-க்கு நடந்தது இன்னும் சீக்கிரமாக நடக்கும். அங்கேயும் ஆட்கள் அதைப் பெட்ரோலுக்கு மாற்றப் பார்க்கிறார்கள். காரணம், அந்நாட்டுச் சிலிண்டரில் இந்தத் தேதிக்குப் பிறகு பயன்படுத்தாதே என்று தேதி ஒட்டியிருக்கும். கார் நன்றாக இருக்கும், சிலிண்டர் காலாவதியாகிவிடும், புதுச் சிலிண்டர் விலை காரின் விலையோடு போட்டி போடும்.

அப்படி ஒன்று உன் வாசலுக்கு வந்தால் என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பார். டேங்க், அதற்குள் பம்ப், பெட்ரோல் ஊற்றும் கழுத்து, ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா, முழு நீளத்துக்கு லைன், ரெயில், இன்ஜெக்டர், பெட்ரோல் கம்ப்யூட்டர், வயரிங், கம்ப்ரஷன் குறைந்த பிஸ்டன். இதற்கு அடிபட்ட ஒரு பெட்ரோல் சிவிக்கை வாங்கி இன்ஜினோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றுவது மலிவு. அந்த நாட்டுச் சட்டம் அதற்கு என்ன சொல்கிறது என்பது தனிக் கதை. நம் கேஸ் பஸ்களின் கதையும் இதுதான். அது டீசல் இன்ஜினின் உடம்பு, இன்ஜெக்டர் இருந்த இடத்தில் பிளக் போட்டது. அதைப் பெட்ரோலுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கிறவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. முடியாது என்று சொல்வதும் தொழில்தான், அதற்குக் கூலி கிடைக்காது என்பதுதான் குறை.

உன் வேகன்-ஆருக்கு வருவோம். அது வெளியே மாட்டிய கிட் என்று சொன்னாய். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தாயா? பெட்ரோல்/சிஎன்ஜி என்று இருந்தால் நல்லது. வெறும் பெட்ரோல் என்று இருந்தால் யாரோ எங்கேயோ பதிவு செய்யாமல் மாட்டியது. அந்த வேலையில் எல்லாமே சந்தேகத்துக்குரியது. ஒவ்வொரு ஜாயிண்டையும் எதிரியைப் பார்ப்பது மாதிரிப் பார்.

சிலிண்டரைக் காலி செய்ய ஒரே நல்ல வழி ஓட்டித் தீர்ப்பதுதான். வண்டிக்காரரிடம் கேஸ் தீரும்வரை ஓட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல். தீர்ந்தது என்று தானாகப் பெட்ரோலுக்கு மாறிய பிறகும் உள்ளே பத்துப் பதினைந்து பார் நிற்கும், அதை மறக்காதே. நிரம்பியிருந்தால் 200 பார். வண்டி டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டு பார்தான், கணக்குப் போட்டுக்கொள். பட்டறைக்கு வெளியே, திறந்த வெளியில் நிறுத்து. சிலிண்டர் தலையில் உள்ள கை வால்வை மூடிவிட்டு, கேஸில் இன்ஜினை ஓடவிடு. குழாயில் இருப்பது தீர்ந்ததும் தானே நிற்கும், இல்லாவிட்டால் பெட்ரோலுக்கு மாறும். பேட்டரியைக் கழற்று. பிறகுதான் நட்டைத் தளர்த்த வேண்டும், அதுவும் கால் சுற்று, காதை வைத்துக்கொண்டு. சிலிண்டரிலிருந்து அந்தத் தலை வால்வையே எந்தக் காரணத்துக்காகவும் உன் பட்டறையில் கழற்றி எடுக்காதே. அது பரிசோதனை நிலையக்காரர்கள் வேலை.

எல்.பி.ஜி. வேலை செய்து பழகியவனுக்கு ஒரு மயக்கம் வரும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கீழே பள்ளத்தில் போய்ப் படுக்கும். நம் சிஎன்ஜி காற்றில் பாதிக் கனம்தான், மேலே ஏறும். அதனால் பயமில்லை என்று நினைப்பார்கள். உன் பட்டறைக் கூரை தகரம், உச்சியில் சந்து இல்லை, அதற்குக் கீழேயே குண்டு பல்பு. காற்றில் ஐந்திலிருந்து பதினைந்து சதவீதம் கலந்தால் அது பற்றும். மேலே போய்க் கூடி நிற்கிற கேஸ் உன் மூக்குக்கு எட்டாது.

ரெகுலேட்டரைக் கழற்றும்போது அதற்குள் கூலன்ட் ஓடுகிறது என்பது நினைவிருக்கட்டும். 200 பாரிலிருந்து சட்டென்று இறங்கும்போது கேஸ் குளிர்ந்து ரெகுலேட்டர் உறைந்துவிடும், அதற்காக ஹீட்டர் ஓஸில் டீ ஜாயிண்ட் போட்டுச் சுடுதண்ணீர் கொடுத்திருப்பார்கள். கழற்றிவிட்டு டீயின் வாயை போல்ட் போட்டு அடைத்து கிளிப் மாட்டுகிற பழக்கம் ஒன்று உண்டு. ஆறு மாதத்தில் அந்த பிளாஸ்டிக் டீ சூட்டில் வெடிக்கும், ஹைவேயில் வெடிக்கும். டீயைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தந்த ஓஸை முழுசாகப் புதிதாகப் போடு. கூலன்ட் ஊற்றிய பிறகு ஏர்லாக் எடு. ஹீட்டரைத் திறந்து வைத்து, ஃபேன் ரெண்டு தடவை போட்டு நிற்கிறவரை வண்டி பக்கத்திலேயே இரு. டீ குடிக்கப் போகாதே.

இனி துளைகள். இன்ஜெக்டர் உள்ள வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஸ் போக மேனிஃபோல்டில் துளை போட்டுப் பித்தளை நாசில் இறக்கியிருப்பார்கள். அதை ரப்பர் மூடி போட்டு மூடிவிட்டு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் காய்ந்ததும் காற்று உறிஞ்சும், ஐட்லிங் ஏறி இறங்கும், வண்டிக்காரர் மூன்று பட்டறை ஏறி இறங்குவார். அலுமினிய மேனிஃபோல்டு என்றால் மரை போட்ட பிளக்கைப் பூட்டுப் பசையோடு இறுக்கு. பிளாஸ்டிக் மேனிஃபோல்டு என்றால் பழைய மார்க்கெட்டில் துளை இல்லாத ஒன்றைத் தேடி மாற்று. இழைத்து ஒட்டுவதை நான் நம்புவதில்லை. எம்-சீல் பற்றி நீ கேட்கவே கேட்காதே.

வயரிங்கில்தான் உன் நேரமெல்லாம் போகும், போகட்டும். பெட்ரோல் இன்ஜெக்டருக்குப் போகிற வயரை அறுத்து நடுவில் கேஸ் கம்ப்யூட்டரை உட்கார வைத்திருப்பார்கள். இன்ஜெக்டரை நிறுத்திவிட்டு, அது வேலை செய்கிறது என்று பெட்ரோல் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்வதுதான் அதன் வேலை. ஆக்சிஜன் சென்சார் வயரில் ஒரு பொய் இருக்கலாம். சில வண்டிகளில் கிராங்க் சென்சார் வயரை அறுத்து டைமிங்கை முன்னால் தள்ளுகிற சின்னப் பெட்டி ஒன்று ஒளிந்திருக்கும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் திருகலின் பேரப்பிள்ளை அது. பார்க்கத் தீப்பெட்டி அளவு, டேஷுக்கு அடியில் டேப் சுற்றிக் கிடக்கும். என் மாருதி 800-ன் பாவம் இன்றைய வண்டிகளில் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் வண்டியை வெளியே விடாதே. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டி என்றால் டைமிங் லைட் பிடித்துக் கம்பெனி அளவுக்கு வை. காதை நம்பாதே. உஸ்தாத் காது எனக்கே வரவில்லை.

அறுத்த வயரை ஒரு பக்கமாக ஒன்றொன்றாக எடுத்து, சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடு. முறுக்கிக் கறுப்பு டேப் ஒட்டுவது இன்ஜின் சூட்டுக்கு ஒரு கோடைதான் தாங்கும். ஒவ்வொரு வயரும் எங்கே இருந்து எங்கே என்று கழற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுத்து வை. எங்கள் காலத்தில் சிகரெட் அட்டையில் எழுதி வைப்போம், அதை எவனாவது குப்பையில் போட்டுவிடுவான்.

பெட்ரோல் பக்கம் வா. இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கேஸைக் கழற்றினால் மிச்சமிருப்பது நல்ல பெட்ரோல் வண்டி என்று நினைக்கிறோம். அது பல வருடம் படுத்த படுக்கையாக இருந்த பெட்ரோல் வண்டி. கேஸ் வண்டிக்காரர்கள் டேங்கில் இரண்டு லிட்டருக்கு மேல் போட மாட்டார்கள், ஸ்டார்ட் செய்ய அது போதும். டேங்குக்குள் இருக்கிற பம்புக்குப் பெட்ரோல்தான் குளிர்ச்சி, அதுதான் மசகு. அடிமட்டத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காகச் சுற்றிய பம்ப் கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரித் தேய்ந்திருக்கும். ஸ்டார்ட் ஆகும், ஊருக்குள் ஓடும், நாலாவது கியரில் எண்பதைத் தாண்டும்போது பெட்ரோல் பற்றாது. கேஜ் மாட்டி அழுத்தம் பார், ஐட்லிங்கில் மட்டும் பார்க்காதே. மிதித்தும் பார்.

டேங்கை இறக்கு. சோம்பல் படாதே. காலி டேங்கின் மேல் பகுதி ஈரக்காற்றில் துரு பிடித்திருக்கும். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், பழைய பிசினைக் கரைக்கும். இத்தனை நாள் சுவரில் ஒட்டிக் கிடந்த அழுக்கெல்லாம் முழு டேங்க் போட்டவுடன் கிளம்பி ஃபில்டருக்கு வரும். கார்புரேட்டர் காலத்து வண்டி என்றால் ரப்பர் ஓஸ், டயஃப்ரம் எல்லாம் எத்தனாலுக்குச் செய்தவை இல்லை, மாற்றியே ஆக வேண்டும். இன்ஜெக்டரைக் கழற்றி மெஷினில் வைத்துத் தெளிப்பைப் பார். வேலையில்லாமல் சூட்டில் உட்கார்ந்திருந்த இன்ஜெக்டரின் மூக்கு அடைத்திருக்கும்.

பிளக்கையும் பார்த்துக்கொள். கேஸில் தீப்பொறி தவறாமல் விழ வேண்டும் என்று இடைவெளியைக் குறைத்து வைத்திருப்பார்கள். பெட்ரோல் அளவுக்குப் புதிது போடு.

அடுத்து வால்வு. வேறு எதை நீ மறந்தாலும் என்னைத் திட்டமாட்டார்கள், இதை மறந்தால் இரண்டு பேரையும் திட்டுவார்கள். பெட்ரோல் ஈரமாக உள்ளே போகிறது, போகிற வழியில் வால்வைக் கொஞ்சம் குளிர்விக்கிறது. கேஸ் காய்ந்தது. லட்சம் கிலோமீட்டர் காய்ந்து ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வின் சீட் தேய்ந்து, வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் ஏறும். ஏற ஏற டேப்பட் இடைவெளி இறுகும். கடைசியில் சூடானதும் வால்வு முழுசாக மூடாது. டேப்பட் தளர்ந்தால் சத்தம் வரும், எல்லாரும் ஓடிவருவார்கள். இறுகினால் இன்ஜின் இன்னும் அமைதியாக ஓடும். "வண்டி சத்தமே இல்லாம பட்டு மாதிரி ஓடுது" என்று கேஸ் வண்டிக்காரர் பெருமைப்பட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதனால் விலை பேசுவதற்கு முன்பே கம்ப்ரஷன் பார். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் டேப்பட் இடைவெளி மட்டும் பார்த்துச் சரிசெய். பழைய 800, ஆம்னி என்றால் திருகு இருக்கிறது, அரை மணி நேரம். சில புது இன்ஜின்களில் திருகு கிடையாது, வாளி மாதிரி இருக்கிற டேப்பட்டையே அளவு பார்த்து மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் கூலி கேள். ஒரு சிலிண்டர் மட்டும் கீழே கிடந்தால் வண்டிக்காரரை அழைத்து கேஜைக் காட்டு. ஹெட் இறங்க வேண்டியிருக்கும் என்று அப்போதே சொல். கழற்றி மாட்டிய பிறகு சொன்னால் நீதான் கெடுத்தாய் என்பார், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

எல்லாம் முடிந்ததும் ஸ்கேனரைப் போட்டுப் பழைய கற்றலை அழித்துவிடு. ஒரு பங்கு கேஸுக்குப் பதினேழு பங்கு காற்று, பெட்ரோலுக்குப் பதினாலே முக்கால்தான். கேஸ் டியூனிங் சரியில்லாத வண்டியில் பெட்ரோல் கம்ப்யூட்டர் தப்புத் தப்பாகக் கற்றுவைத்திருக்கும். அழித்துவிட்டு முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, ஃபியூயல் ட்ரிம் கூட்டலிலோ கழித்தலிலோ பத்தைத் தாண்டுகிறதா பார். கூட்டலில் எகிறினால் எங்கேயோ காற்று இழுக்கிறது, மேனிஃபோல்டு துளைக்குத் திரும்பிப் போ. பிறகு நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு ஏற்றத்தில் மிதித்துப் பார். சமதரையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

சின்ன விஷயங்கள் சில. டிக்கியில் சிலிண்டர் தொட்டிலுக்குப் போட்ட துளைகளை ரப்பர் பொத்தான் வைத்து சீலன்ட் தடவி மூடு. இல்லாவிட்டால் மழைத்தண்ணி மட்டுமில்லை, சைலன்ஸர் புகையும் உள்ளே வரும். அம்பது அறுபது கிலோ இறங்கியதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கனமான ஸ்பிரிங் போட்டிருந்தால் பழையதற்கு மாற்று. ஒன்றை வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வை: கேஸில் இன்ஜின் ஆயில் தேன் நிறத்திலேயே இருக்கும், பெட்ரோலில் கறுக்கும். சொல்லாவிட்டால் மூன்றாவது வாரம் டிப்ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு வந்து இன்ஜினைக் கெடுத்துவிட்டாய் என்பார். என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கழற்றிய சிலிண்டரை என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அழுத்தப் பரிசோதனை செய்து, அந்தத் தேதித் தகட்டோடுதான் அது இருக்க வேண்டும் என்பது 2016-ன் கேஸ் சிலிண்டர் விதி. நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ என்ற பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில்தான் பரிசோதிக்கலாம். தேறாததை யாரும் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி அழிக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? பழைய இரும்புக் கடைக்காரர் நல்ல விலை கேட்டு வருவார். வேறொருவர் தன் ஆட்டோவில் மாட்டக் கேட்பார். ஒருவர் அதைக் கம்ப்ரஸர் டேங்காக மாற்றித் தரச் சொல்லி என்னிடம் இரண்டு நாள் கெஞ்சினார். உள்ளே கேஸ் இருக்கிற சிலிண்டரை எவனோ கட்டரால் அறுக்கப்போகிறான், அதில் உன் கை பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள். ஆவணத்தோடு வண்டிக்காரரிடமே ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பரிசோதனை நிலையத்தின் முகவரியை எழுதிக் கொடு.

ஆர்.சி. வேலையும் அவர் பொறுப்புதான், ஆனால் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியில் செய்த மாற்றத்தைப் பதிவு அதிகாரியிடம் சொல்ல வேண்டும், முன்கூட்டியே அனுமதி வாங்கிச் செய்வதுதான் நல்லது. ஆர்.சி.யில் கேஸ் என்று இருக்க, வண்டியில் கேஸ் இல்லையென்றால் எஃப்.சி.யில் நிற்கும், இன்ஷூரன்ஸ்காரர் விபத்து அன்றைக்குத்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

கூலி எவ்வளவு கேட்கலாம் என்று கடைசியில் இழுத்தாய். மாட்டுவதற்கு வாங்குவதைவிடக் குறைவாக வாங்காதே. மாட்டுகிறவனுக்குக் கிட்டோடு ஒரு படம் வரும், என்னென்ன எங்கே என்று அச்சடித்திருக்கும். கழற்றுகிறவனுக்கு எவன் என்ன செய்தான் என்று எழுதிய தாள் எதுவும் கிடையாது. "சும்மா கழத்துறதுக்கா இவ்வளவு?" என்பார்கள். சொல்லட்டும். பக்கத்துப் பட்டறைக்குப் போனாலும் போகட்டும், இரண்டு மாதத்தில் திரும்பி வருவார்கள், அப்போது இன்னும் கூடக் கேட்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை எனக்கு வேலை குறைவு. அந்த வேகன்-ஆரை இங்கே ஓட்டிக்கொண்டு வா, முதல் வண்டியை இரண்டு பேரும் சேர்ந்து செய்வோம். கேஸைத் தீர்த்துவிட்டுக் கொண்டுவா. வருகிற வழியில் அவர் மனசு குளிர டேங்க் நிரப்பித் தொலைக்காதே, பாளையங்கோட்டை வந்து சேர்கிற அளவுக்குப் போட்டால் போதும். எப்படியும் டேங்கை இறக்கத்தான் போகிறோம்.

அன்புடன்,
அண்ணாச்சி